கண் மூடி நிற்கும் கோழி: சொட்டு மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

காலையில் கூண்டைத் திறந்ததும் முதலில் ஓடி வருவது எப்போதும் செவலைதான். அன்று அது கடைசியாக வந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்து, தரையில் இறைத்திருந்த தானியத்தைக் கொத்தியது. அலகு தானியத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி மண்ணில் பட்டது. மறுபடி கொத்தியது, மறுபடியும் தவறியது. கையில் எடுத்துப் பார்த்தபோது இடது கண்ணின் மூக்கோர மூலையில் சோப்பு நுரை போலச் சிறு குமிழிகள் நின்றன. அந்தப் பக்கத் தோளின் இறகுகள் ஈரத்தில் ஒட்டிப் பழுப்பேறியிருந்தன. கண் உறுத்தும் கோழி முகத்தைத் தன் தோளிலேயே தேய்த்துக்கொள்ளும். ஆகவே, கண்ணீர் வடியத் தொடங்கி ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்பதை அந்தக் கறையே சொல்லிவிட்டது. முந்தின நாள் மாலை நான் கோழிகளை எண்ணி அடைத்தேனே தவிர, முகம் பார்த்து அடைக்கவில்லை.

வீட்டில் கண் சொட்டு மருந்து இருந்தது. அதை எடுக்க நான் போகவில்லை. அதற்குக் காரணம் கருப்பி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கருப்பி இதே போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கண் சிவந்து நீர் வடிந்தால் சொட்டு மருந்து விட வேண்டும் என்பது மட்டுமே. மனிதர்களுக்கு எழுதித் தந்து மிச்சமிருந்த ஒரு குப்பியிலிருந்து நாளுக்கு மூன்று வேளை விட்டேன். முதல் நாள் சிவப்பு குறைந்தது. கண்ணையும் சற்றுத் திறந்தது. குணமாகிறது என்று மகிழ்ந்தேன். நான்காம் நாள் கண்ணின் நடுவே பால் துளி போல ஒரு வெள்ளை தெரிந்தது. கால்நடை மருத்துவர் ஒரு சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து நீல விளக்கைக் காட்டினார். விழியின் முன்புறம் கண்ணாடி போலிருக்கும் படலத்தில் புண் இருந்தால் அந்தச் சாயம் அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். கருப்பியின் கண்ணில் ஓர் உளுந்தளவுக்குப் பச்சைத் திட்டு தெரிந்தது. வேறொரு கோழி கொத்தியதாலோ முள் கீறியதாலோ படலத்தில் முதலில் சிறு கீறல் விழுந்திருக்க வேண்டும். நான் விட்ட மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், ஆனால் படலத்தின் புண்ணை ஆறவிடாது. கிருமி பெருகுவதையும் தடுக்காது. சிவப்பு குறைந்ததைக் குணம் என்று நான் எடுத்துக்கொண்ட அந்த மூன்று நாள்களில்தான் புண் ஆழமானது. கருப்பி பிழைத்தது, அந்தக் கண் பிழைக்கவில்லை.

இந்த அனுபவத்தை எழுதுவதற்கு முதற்காரணம் இதுதான். கோழியின் கண்ணில் எதை ஊற்றுவதற்கு முன்பும், அந்தக் குப்பியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும், படலத்தில் புண் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாதவரை அதைத் தொடாதீர்கள். கண்ணைக் கழுவுவதற்கு உப்பு நீர் போதும். முதல் நாளில் நம்மால் தீங்கின்றிச் செய்யக்கூடியதும் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

செவலையை எடுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து, கண்ணைத் தொடாமல் சற்று நேரம் பார்த்தேன். கண் நோய் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி கண்ணில் தொடங்குவதில்லை. மூச்சுக்குழாயிலோ தீவனத்திலோ கூண்டின் தரையிலோ தொடங்கிக் கண்ணில் வந்து தெரிகிறது. ஆகையால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ஒரு கண்ணா இரு கண்களா என்பது. ஒரு கோழிக்கு ஒரு கண் மட்டும் மூடி, மூக்கும் மூச்சும் சுத்தமாக இருந்தால் தூசி, உமி, கீறல், கொத்து ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பல கோழிகளுக்கு இரு கண்களும் கலங்கியிருந்து வேறு நோய்க்குறி இல்லையென்றால் கூண்டின் காற்றையே சந்தேகிக்க வேண்டும். மூக்கில் சளி, தும்மல், மூச்சு விடும்போது கரகரப்பு, கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால் அது தொற்று. செவலையை என் காதருகே பிடித்துக் கேட்டபோது, மூச்சின் இறுதியில் ஈரமான ஒரு கரகரப்பு கேட்டது. மூக்குத்துளை ஒன்றில் உலர்ந்த சளி அடைத்து, அதில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. பிறகு அலகைத் திறந்து வாயின் மேற்கூரையையும் நாக்கின் அடிப்பகுதியையும் பார்த்தேன்; வெள்ளைப் புள்ளியோ மஞ்சள் படிவமோ இல்லை. இந்த வாய்ப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்களே அதிகம். ஆனால் அம்மையையும் வைட்டமின் ஏ குறைபாட்டையும் அடையாளம் காட்டுவது பல நேரங்களில் வாய்தான்.

புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோழிக்கு மேலும் கீழுமாக இரண்டு இமைகள் இருப்பதோடு, மூக்குப் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடி வரும் மெல்லிய மூன்றாம் இமை ஒன்றும் உண்டு. நோயுற்ற கோழியில் அது பாதி மூடியபடியே நிற்கலாம். அதைக் கண்ணில் வளர்ந்த சவ்வு என்று எண்ணிப் பஞ்சால் துடைத்தெடுக்க முயல்வது பெருந்தவறு.

அடுத்தது கழுவும் முறை. கொதிக்க வைத்து ஆறிய நீர் கால் லிட்டரில் 2 கிராமுக்குச் சற்று அதிகமான உப்பைக் கரைத்தால், அதாவது அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால், அது 0.9 சதவீத உப்பு நீருக்கு மிக நெருக்கமாக வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் இன்னும் நல்லது. உப்பு கூடினால் கண் எரியும். நீர் கைவெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்பை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சு விட முடியும். ஏற்கெனவே மூக்கடைத்திருக்கும் கோழியின் மார்பையும் இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே உயிர் போய்விடக்கூடும்.

உப்பு நீரில் நனைத்த பஞ்சையோ மெல்லிய துணியையோ மூடிய கண்ணின் மேல் வைத்து, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் சிகிச்சையில் பாதி. காய்ந்து ஒட்டியிருக்கும் பீளை ஊறித் தானாக நெகிழும். அதன் பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைத்தால் இமை திறக்கும். உலர்ந்த இமையை நகத்தால் பிரித்தால் இமையோரத் தோலும் சேர்ந்து கிழியும். இமை திறந்த பின் ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்பு நீரை எடுத்துக் கண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக ஓடவிடலாம், பீய்ச்சக் கூடாது. ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு, ஒவ்வொரு கோழிக்கும் கைகழுவல் என்பதை ஒரு வேளைகூட விட்டுவிடக் கூடாது.

கோழியின் சீழ் நம்முடையதைப் போல நீராக வடியாது. சீழை இளக்கும் நொதி பறவைகளின் வெள்ளணுக்களில் இல்லாததால், அது பாலாடைக்கட்டி போலக் கெட்டியாகத் திரண்டுவிடும். இமைக்கடியில் இப்படி ஒரு கட்டி தங்கியிருக்கும்போது மேலே எவ்வளவு மருந்து தடவினாலும் கண்ணுக்குப் போய்ச் சேராது. நன்கு ஊற வைத்த பின் தளர்வாக இருந்தால் நனைந்த பஞ்சு முனையால் உருட்டி எடுத்துவிடலாம். இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிட்டு, மாலையில் மறுபடி ஊற வைக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கன்னம் போல உப்பியிருக்கும் வீக்கம் வேறு வகை. அங்கே மூக்கோடு தொடர்புள்ள ஒரு காற்றறை இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் எலும்பு கிடையாது, தோலும் தசையும்தான். சளியும் சீழும் நிறையும்போது முகமே பிதுங்கி, கண்ணை மேலே தள்ளி மூடிவிடும். அந்த வீக்கத்தைப் பிளேடால் கீறிச் சீழெடுக்கும் முறையைப் பலர் துணிந்து செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன், இரத்தக்குழாய்களும் கண்ணும் அவ்வளவு அருகில் இருக்கும் இடத்தில் அது மருத்துவர் மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

செவலைக்கு மருத்துவர் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார். வந்த விடை மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம், அதாவது கோழிகளுக்கு நாள்பட்ட சுவாச நோயைத் தரும் பாக்டீரியா. கண்ணின் மூலையில் நுரைக்குமிழி தெரிந்ததுமே அவர் அதைத்தான் சந்தேகித்தார். 11 கோழிகளில் 4 கோழிகளுக்கு ஒரு வாரத்துக்குள் தும்மல் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சேவலை வாங்கி வந்து, பார்க்கத் திடமாக இருக்கிறதே என்று அன்றிரவே மற்றவற்றோடு அடைத்திருந்தேன். இந்த நோய் தொற்றியபின் 6 முதல் 21 நாள் வரை வெளியே தெரியாமல் இருக்கும். அந்தச் சேவல் எங்கள் கூண்டில் ஒருமுறைகூடத் தும்மவில்லை. இப்போது எந்தக் கோழி வந்தாலும் 30 நாள் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். வேலையின் வரிசையும் அப்படித்தான்: முதலில் பழைய கோழிகள், கடைசியாகப் புதியவை.

மருத்துவர் குடிநீரில் கலக்கும் ஒரு மருந்தும், ஸ்டீராய்டு இல்லாத கண் களிம்பும் தந்தார். குடிநீர் மருந்தில் ஒரு சிக்கல் உண்டு: நன்றாக இருக்கும் கோழி நிறையக் குடிக்கும், கண் தெரியாமல் சோர்ந்து நிற்கும் கோழி குறைவாகத்தான் குடிக்கும், அதாவது மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அதற்குத்தான் குறைவாகப் போகும். இதைச் சொன்னபோது செவலைக்கு மட்டும் எடை பார்த்துத் தனியாக வாய்வழி அளவு குறித்துக் கொடுத்தார். களிம்பைப் பொறுத்தவரை, கீழிமையை லேசாக இழுத்து ஓர் அரிசியின் நீளத்துக்கு வைத்தால் போதும். அது தானாகக் கண் முழுதும் பரவும். வைத்த கையோடு மரத்தூளில் இறக்கிவிட்டால் தூள் முழுதும் அதில் ஒட்டிக்கொள்ளும். நான் பத்து நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு பழைய துணி விரித்த பெட்டியில் விட்டேன். கண் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தவில்லை. மருந்து கொடுக்கும் காலத்திலும், அதன் பின் அவர் குறித்துக் கொடுத்த நாள்கள்வரையும் முட்டைகளை யாரும் உண்ணவில்லை.

கண் மூடிய கோழி பல நேரங்களில் நோயால் சாவதைவிடப் பட்டினியால் சாகிறது என்பதை அந்த நாள்களில்தான் உணர்ந்தேன். கோழி கண்ணால் தேடி உண்ணும் பறவை. கிண்ணம் அருகிலேயே இருந்தாலும் பார்க்க முடியாவிட்டால் அது பசியோடு நிற்கும். செவலைக்குத் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, ஆழமான கிண்ணத்தில், நல்ல கண் இருக்கும் பக்கமாக வைத்தேன். முதல் நாள் அலகின் நுனியைக் குழைவில் ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இரவில் கழுத்தடியில் இரை சேரும் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். நிறைந்திருந்தால் நிம்மதி. மற்ற கோழிகள் பலவீனமான கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதால் தனிமை கட்டாயம், ஆனால் முற்றிலும் தனிமைப்பட்ட கோழி உண்ண மறுக்கும். ஆகவே மற்றவற்றின் குரல் கேட்கும் தொலைவில், காற்று கலக்காத இடமாகப் பார்த்து வைத்தேன்.

இதே காலத்தில் கூண்டின் காற்றையும் சோதித்தேன். எச்சம் ஈரப்பட்டால் அதிலுள்ள யூரிக் அமிலத்தைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா கிளம்புகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கைத் தாண்டினால் அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கத் தொடங்கும். மூச்சுக்குழாய் அரிபட்ட கோழியில் மைக்கோபிளாஸ்மா போன்றவை எளிதில் வேரூன்றும். நாம் நின்றபடி மோந்து பார்த்து நாற்றமில்லை என்று முடிவு செய்கிறோம். கோழி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூச்சு விடுகிறது. விடியற்காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன் மண்டியிட்டு, அந்த உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது என் கண்ணே கரித்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி மரத்தூள் கட்டியாகி நாற்றம் எடுத்திருந்தது. அதை வாரியெறிந்து, பாத்திரத்தைக் கம்பி வலை மேல் ஏற்றி வைத்து, கூரையோரம் மழை புகாத காற்றுவழி ஒன்றைத் திறந்தேன். அடுத்த வாரமே நோயில்லாத கோழிகள்கூட முன்பைவிடக் கண்ணை அகலத் திறந்து நின்றன.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகம் திடீரென வீங்கி, மூக்குச் சளியில் தாங்க முடியாத துர்நாற்றம் வீசினால் அது கொரைசா என்ற தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அடுத்த கோழிக்கு வந்துவிடும் வேகம் அதற்கு உண்டு. குணமான கோழியும் கிருமியைச் சுமந்தே திரியும். கொண்டையிலும் இமையோரத்திலும் பரு போல எழும்பிக் கருத்த பொருக்காக மாறினால் அது அம்மை. கொசு அதைப் பரப்புகிறது. வைரஸை அழிக்கும் மருந்து இல்லை, பொருக்கைப் பிய்க்கக் கூடாது. இமை ஒட்டாமல் உப்பு நீரால் கழுவி, உணவு ஊட்டி, பின்தொற்று வராமல் காத்தால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் உதிர்ந்துவிடும். நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் எஞ்சிய கோழிகளுக்கு இறக்கைச் சவ்வில் தடுப்பூசி குத்தலாம். கருவிழி சாம்பல் நிறமாகி, கண்மணியின் விளிம்பு பிசிறு பிசிறாகத் தெரிந்தால் அது மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயின் கண் வடிவம். அதற்குச் சிகிச்சை கிடையாது, பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் காப்பு. வெப்பப் பகுதிகளில் கரப்பான் பூச்சியைத் தின்னும் கோழிக்குக் கண்புழு வருவதுண்டு. புழுவின் இளம்பருவம் தீனிப்பையிலிருந்து மேலேறி வாய்க்கு வந்து, கண்ணீர் நாளம் வழியாக மூன்றாம் இமைக்கடியில் குடியேறுகிறது. கண்ணைச் சொறிந்துகொண்டே இருக்கும் கோழியில் அந்த இமையின் கீழே நூல் போல 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளப் புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வைட்டமின் ஏ குறைபாட்டை என் கூண்டிலேயே ஒருமுறை கண்டிருக்கிறேன். பல மாதம் திறந்தே கிடந்த தீவன மூட்டையைத் தீர்க்க வேண்டும் என்று அதையே போட்டு வந்தேன். மழையால் கோழிகளை வெளியே விடவும் இல்லை, ஆகவே பசுந்தழையும் கிடைக்கவில்லை. வைட்டமின் ஏ காற்றிலும் வெப்பத்திலும் நாள்பட நாள்பட அழிந்துவிடும். இரண்டு கோழிகளின் கண்கள் வெள்ளையான கட்டிச் சீழால் அடைபட்டன. வாய்க்குள் மணல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. மருத்துவர் அளவு குறித்த வைட்டமின் சொட்டும், புதுத் தீவனமும், கேரட்டும், கீரையுமாகக் கொடுத்ததில் தெளிந்தன. இந்த வைட்டமின் உடலின் கொழுப்பில் தங்குவதால் அளவு மீறினால் நஞ்சாகும். தோன்றியபடி ஊற்றக் கூடாது.

தலை வீக்கத்தோடு கொண்டை நீலம் பாரித்துப் பல கோழிகள் திடீரெனச் சாகத் தொடங்கினால் கழுவல், களிம்பு எதையும் தொடங்காமல், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அது பறவைக் காய்ச்சலாகவோ வெள்ளைக்கழிச்சலாகவோ இருக்கக்கூடும். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் நமக்கும் கண் சிவந்து வீங்கும். சாதாரணக் கண் நோய்க்கும் கையுறை அணிந்து, முடித்ததும் சோப்பு போட்டுக் கைகழுவுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போது தினமும் மாலையில், கோழிகள் கம்பில் ஏறி அடங்கிய பிறகு, சிறு விளக்கோடு போய் ஒவ்வொன்றின் இரு கண்களையும் தோள் இறகையும் பார்க்கிறேன். இருட்டில் பார்வை மங்குவதால் அவை பதறாமல் கையில் வரும். 11 கோழிகளுக்கும் பத்து நிமிடம் போதும். கருப்பி கம்பின் இடக்கோடியில் உட்காரும். தன் நல்ல கண்ணைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொள்வதற்காக அது தானே தேர்ந்துகொண்ட இடம் அது. அந்த இடத்தை வேறு கோழி பிடித்துவிட்டால் நான் எடுத்து மாற்றி வைத்துவிடுவேன். செவலையின் கண் ஒன்பதாம் நாள் முழுதாகத் திறந்தது. மூச்சின் கரகரப்பு அடங்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. மைக்கோபிளாஸ்மா மருந்தால் அடங்குமே தவிர உடலை விட்டு முழுதும் நீங்காது, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அதனால் எங்கள் கோழிகளில் எதையும் யாருக்கும் வளர்க்கக் கொடுப்பதில்லை. செவலை ஆண்டுக்கு இருமுறை அடைக்கு உட்கார்ந்தாலும் அதன் அடியில் முட்டை வைப்பதில்லை.